செத்த கிருமியின் தோல்

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போன அம்மா, விடியற்காலையிலிருந்து வீடு திரும்பும்வரை ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே, அந்தக் கணக்கு. அறுபத்து மூன்று வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, நான்காம் நாள் விலாவுக்குக் கீழே வலி, ஐந்தாம் நாள் காய்ச்சல். என்னிடம் மூச்சு விடவில்லை. பையன் லேபில் வேலை செய்கிறான் என்று தெருவெல்லாம் பெருமை பேசுகிறவள், தனக்கு ஒன்று என்றால் மட்டும் பையனிடம் சொல்ல மாட்டாள்.

நான் வேலூரில் ஒரு தனியார் லேபில் பதினெட்டு வருஷமாக ரத்தம் பார்ப்பவன். அன்று சாயங்காலம் வீட்டிலேயே அம்மாவுக்குக் குத்தி எடுத்து லேபுக்குக் கொண்டு போனேன். வெள்ளை அணுக்கள் 14,800, இருக்க வேண்டியதைவிட அதிகம். சிறுநீரில் சீழ் அணுக்கள் எண்ணி மாளவில்லை. பக்கத்து கிளினிக்கில் காட்டி ஆன்டிபயாடிக் ஊசி போட்டாயிற்று. வீட்டுக்கு வந்ததும் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்: "ஊசி உள்ள போயிடுச்சும்மா. ராத்திரிக்குள்ள கிருமியெல்லாம் செத்துடும். காலைல நீயே எழுந்து டீ போடுவ பாரு."

ஒன்பதரை மணிக்குக் கட்டில் சத்தம் கேட்டது. இரும்புக் கட்டில். அம்மா நடுங்கிய நடுக்கத்தில் அதன் கால் தரையில் தட்டித் தட்டி அடித்தது. மூன்று போர்வை போட்டும் நிற்கவில்லை. பல் அடித்துக்கொள்ளும் நடுவே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னாடா, செத்துடும் செத்துடும்னு சொன்ன. நான்தான் செத்துடுவேன் போலகீது."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மணி பத்தரை. பிரஷர் 80-க்கு 50. அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் வந்ததும் நானே வாங்கிப் பார்த்தேன். வெள்ளை அணுக்கள் 3,600. சாயங்காலம் 14,800 இருந்தது, ஐந்து மணி நேரத்தில் 3,600. 'சரி, குறைந்துவிட்டது, நல்லதுதானே' என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி, மிஷின் தப்பு என்று நினைத்தேன். பதினெட்டு வருஷம் எண்ணியவனுக்கு அந்த இரண்டைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை என்பது இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். நான் லேப்காரன் என்று தெரிந்ததும் இரண்டு நிமிஷம் நின்று பேசினார். "கிருமி சாகுது அண்ணா, சாகாம இல்ல. சாகறப்போ அதோட தோல் கழண்டு ரத்தத்துல கலக்கும். உடம்புக்குத் தெரியறது அந்தத் தோல்தான். உயிரோட இருக்கா, செத்துப்போச்சான்னு அதுக்குத் தெரியாது." சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அந்தத் 'தோல்' என்ற சொல் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

உப்புத் தோல்

நான் தோல் வாசத்தில் வளர்ந்தவன். நைனா முப்பது வருஷம் ராணிப்பேட்டைப் பக்கம் டேனரியில் வேலை பார்த்தார். உப்புப் போட்டு மடித்த மாட்டுத் தோல் லாரியில் வந்து இறங்கும். எங்கோ ஒரு ஊரில் என்றைக்கோ செத்த மாடு. இங்கே ஊறப்போட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கி, மயிர் நீக்கி, சதை வழித்து, டிரம்மில் சுற்றி எடுத்தால் அது இன்னொரு இருபது வருஷம் செருப்பாக, பெல்ட்டாக நடமாடும். மாடு செத்ததற்கும் தோல் சாவதற்கும் சம்பந்தமில்லை என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் கிருமி விஷயத்தில் அது தோன்றவில்லை. கிருமி செத்தால் கதை முடிந்தது என்று எப்படி அத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்?

பெர்லினில் ராபர்ட் கோக்கின் கூடத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ஃபைஃபர் 1892-லேயே இதைக் கண்டுவிட்டார். காலரா கிருமியைச் சூடாக்கிக் கொன்று, செத்த கிருமியை கினிப் பன்றிக்கு ஏற்றினார். பன்றியும் செத்தது. அப்படியென்றால் விஷம் கிருமி கக்குவது மட்டுமில்லை, கிருமியின் உடம்போடு ஒட்டியும் இருக்கிறது. எண்டோடாக்சின் என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அது இன்னதென்று பிரித்துப் பார்த்தார்கள். கிருமிகளை இளஞ்சிவப்பு, ஊதா என்று இரண்டு ஜாதியாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும் கிருமிகளின் வெளிச் சவ்வில் பதிந்திருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு அது, லிப்போபாலிசாக்கரைடு. அம்மாவை முதலில் சேர்த்தபோது எடுத்த கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளர்ந்த ஈ.கோலை என்ற கிருமி அந்த ஜாதிதான். ஒரே ஒரு ஈ.கோலையின் மேல் இது லட்சக்கணக்கில் ஓடு வேய்ந்த மாதிரி நெருக்கி அடுக்கியிருக்கும். நான் தினமும் ஊற்றும் கிராம் சாயம் 1884-லிருந்து இருக்கிறது. அந்த இளஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் உள்ள வித்தியாசம் கிருமியின் தோலில் இருக்கும் வித்தியாசம் என்று பரீட்சைக்குப் படித்து, மதிப்பெண்ணும் வாங்கி, மறந்தும் போயிருந்தேன்.

இதில் கொதிக்கவைத்துக் கொல்லும் வித்தை பலிக்காது. ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பாத்திரத்தில் 121 டிகிரியில் வைத்தால் கிருமி செத்துவிடும், தோல் அசையாது. கண்ணாடிப் பொருளிலிருந்து அதைப் போக்க 250 டிகிரியில் அரை மணி நேரம் உலர் சூடு வேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்: "அந்தக் காலத்துல குளுக்கோஸ் பாட்டில் ஏத்துனா குளிர் வரும், தூக்கித் தூக்கிப் போடும்." கிழவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. காய்ச்சி வடித்த, கிருமியே இல்லாத நீரை ஊசியில் ஏற்றினாலும் சில சமயம் ஏன் காய்ச்சல் வருகிறது என்பதை 1920-களில் அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் சீபர்ட் என்ற அம்மையார் பிடித்தார். வடிக்கும்போது ஆவியோடு தெறிக்கும் சின்னத் துளிகளில் கிருமியின் மிச்சம் கூடவே வருகிறது. நீர் சுத்தம்தான், செத்த கிருமியின் தோல்தான் மிதக்கிறது. பிற்பாடு இதைக் கண்டுபிடிக்கக் குதிரைலாட நண்டின் நீல ரத்தம் உதவியது. அந்த ரத்தத்தில் இருக்கும் அணுக்களின் சாறு, எண்டோடாக்சின் துளி பட்டாலும் உறைந்துவிடும். இன்று நாம் ஏற்றிக்கொள்ளும் பாட்டில் பலவற்றின் பின்னால் ஒரு நண்டு இருக்கிறது. எந்த முருகனுக்கும் இல்லாத நன்றிக்கடன்.

எவ்வளவு போதும் நடுக்கத்துக்கு? ஆராய்ச்சிக்குச் சம்மதித்த ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த அளவு, உடல் எடை கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம். அறுபது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் பொடி உப்பின் ஒரு துகளில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதற்கே ஒரு மணி நேரத்தில் குளிர், தலைவலி, காய்ச்சல். அப்புறம் அந்த 3,600-க்கும் அங்கேதான் விடை இருந்தது. எண்டோடாக்சின் ஏறியதும் முதலில் ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை சரியும். செத்துப்போவதால் இல்லை, உசுப்பப்பட்ட அணுக்கள் ரத்தக் குழாயின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன, நுரையீரலின் நுண்குழாய்களில் தேங்கிவிடுகின்றன. ஊசி முனையில் ஓடுகிறதை மட்டும்தானே நாம் எண்ணுகிறோம். சில மணி நேரத்தில் எலும்பு மஜ்ஜை தன் கிடங்கைத் திறந்துவிட, எண்ணிக்கை எகிறும். அம்மாவுக்கு மறுநாள் காலை 23,000.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த நடுக்கம் ஊசியால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. செல் சுவரை உடைக்கும் மருந்துகள் எண்டோடாக்சினை வெளியே கொட்டச் செய்வது சோதனைக் குழாயில் தெளிவாகத் தெரியும். ஆனால் ஊசி போடாமல் இருந்திருந்தாலும் அம்மாவுக்கு அந்த ராத்திரி நடுக்கம் வந்திருக்கலாம்; கிருமி பெருகும்போதும் தோல் உதிரத்தான் செய்யும். இதைப் படித்துவிட்டு எவராவது ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தினால் அது என் பாவம் இல்லை. அம்மாவைக் காப்பாற்றியது அந்த மருந்தும், விடிய விடிய ஏற்றிய சலைனும்தான்.

சட்டையைச் சுடும் சிப்பாய்

வெள்ளை அணுக்கள் உடம்பின் போர்வீரர்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கோட்டை உள்ள ஊரில் சிப்பாய் உவமை சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் எதிரியை முகம் பார்த்துச் சுடும் சிப்பாய் இல்லை இது. கொடியில் காயும் எதிரியின் சட்டையைப் பார்த்துச் சுடும் சிப்பாய்.

சட்டையை அது அடையாளம் காணும் விதம் கை மாற்றி விடுவது மாதிரி. ரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம் எண்டோடாக்சினைப் பொறுக்கி எடுத்து, மோனோசைட் என்ற வெள்ளை அணுவின் மேலுள்ள சிடி14 என்பதன் கையில் கொடுக்கும். அது டி.எல்.ஆர்.4 என்ற வாசற்காரனிடம் கொடுக்கும். அவன் மணி அடித்தால் உள்ளே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. காய்ச்சலை ஏற்றும், குழாய்களைத் தளர்த்தும், மற்ற அணுக்களைக் கூப்பிடும் சாமான்கள் எல்லாம் வெளியே வருகின்றன. ஊதாக் கிருமிகளுக்கு இந்தத் தோல் கிடையாது. அவற்றின் தடித்த சுவர்த் துண்டுகளுக்கும் லிப்போபுரதங்களுக்கும் வேறு வாசல். கிருமியின் வால் புரதத்துக்கு ஒன்று, அதன் டி.என்.ஏ.வுக்கு ஒன்று. கிருமியின் புரதங்கள் ஃபார்மைல் ஒட்டிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குவதால் அந்தத் துண்டை மோப்பம் பிடித்துத்தான் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு ஓடிவருகிறது. வேடிக்கை என்னவென்றால் நம் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்ததுதான், அதன் புரதமும் அப்படியே தொடங்கும். பெங்களூர் ஹைவேயில் அடிபட்டு வருகிறவர்களின் ரத்தத்தில் ஒரு கிருமியும் இல்லாமல் வெள்ளை அணு கவுன்ட் ஏறியிருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். நசுங்கிய சதையிலிருந்து கசிந்ததையும் அணு எதிரியின் சட்டை என்று நினைத்துக்கொள்ளும்.

அப்படியானால் அந்த வாசலை அடைத்துவிட்டால் என்ன? எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அடைபட்ட வாசலோடே பிறந்த எலி ஜாதி ஒன்று இருக்கிறது. எண்டோடாக்சினை எவ்வளவு ஏற்றினாலும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கும். அதன் கோளாறு டி.எல்.ஆர்.4 மரபணுவில் என்று 1998-ல் கண்டுபிடித்த குழுவின் தலைவர் புரூஸ் பாய்ட்லருக்கு 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சாமர்த்தியமான எலிதானே என்றால், இல்லை. உயிருள்ள சால்மோனெல்லா கொஞ்சம் உள்ளே போனால் முதலில் சாவது அதுதான். மணி அடிக்கவில்லை என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மனிதர்களில் அந்த வாசலை அடைக்கும் மருந்து ஒன்றைக் தொற்றால் உடம்பே நிலைகுலையும் கடுமையான செப்சிஸ் நோயாளிகளிடம் பெரிய அளவில் பரிசோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். சாவு குறையவில்லை.

ரேக்கில் மறந்த டியூப்

மூன்றாம் நாள் வார்டு சிஸ்டரிடம் கெஞ்சி இரண்டு மில்லி கூடுதலாக எடுத்துக்கொடுக்கச் சொல்லி, ஊதா மூடி டியூப்பை எங்கள் லேபுக்குக் கொண்டு வந்தேன். அம்மாவின் அணுக்களை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம்தான், வேறு காரணம் இல்லை. கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கினேன். சாதாரண நியூட்ரோபிலுக்கு உள்ளே இளஞ்சிவப்பு மணல் தூவியது போல இருக்கும். அம்மாவுடையதில் மணல் கருநீலமாகக் கடுகு தாளித்த மாதிரி கிடந்தது. நடுநடுவே ஓட்டைகள். ஓரத்தில் வெளிர் நீலத் திட்டு. கரு மூன்று நான்காகப் பிரியாமல் வாழைப்பழம் போல வளைந்த சின்ன வயசு அணுக்கள் நிறைய. மஜ்ஜை பாதி வெந்ததையே இறக்கி அனுப்பியிருக்கிறது. இந்தக் கருநீல மணலைத்தான் டாக்சிக் கிரானியூல்ஸ் என்று வாரத்துக்கு நான்கு ரிப்போர்ட்டிலாவது எழுதுகிறவன். அன்றைக்கு ஒரு சொல் கூட எழுதத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரத்தில் டியூப்பை மேஜை ரேக்கிலேயே விட்டுவிட்டேன். கூடவே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்த என் ரத்தமும் இருந்தது. ஒரு முழு நாள் கழித்து வந்தபோதுதான் இரண்டும் கண்ணில் பட்டன. கொட்டுவதற்கு முன் சும்மா இரண்டு ஸ்லைடு போட்டேன்.

டியூப்பில் நாள்பட்ட ரத்தத்தில் நியூட்ரோபில் செத்துப்போவது எந்த டெக்னீஷியனுக்கும் தெரியும். பிரிந்திருந்த கரு சுருங்கி உருண்டு, மை உருண்டை மாதிரி ஒன்றிரண்டு பந்தாக ஆகிவிடும். என் ரத்தத்தில் அப்படிப் பந்தானவை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் தெரிந்தன. அம்மாவின் ஸ்லைடில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நோயாளியின் அணுக்கள் உயிரோடு நிமிர்ந்து நிற்கின்றன, ஆரோக்கியமாக இருக்கும் என்னுடையவை சாகின்றன. ஸ்லைடை மாற்றி வைத்துவிட்டேனோ என்று இரண்டு முறை எண்ணைச் சரிபார்த்தேன்.

ஒரு டியூப்பை வைத்து அறிவியல் பேசக் கூடாது. அம்மாவின் அணுக்களில் பாதி இளசு, இளசுக்கு ஆயுள் கூடத்தான் இருக்கும். மேஜையின் சூடு, டியூப்பில் உள்ள மருந்து, எல்லாம் கணக்கில் வரும். ஆனால் அந்த ராத்திரி தேடிப் படித்ததில், நான் பார்த்த திசையிலேயே விஷயம் இருந்தது. நியூட்ரோபில் சாகவே பிறந்த அணு. மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் உற்பத்தி செய்கிறது. ரத்தத்தில் அவற்றின் ஓட்டம் பொதுவாக மணிக்கணக்கில்தான். உள்ளே இருக்கும் எம்.சி.எல்.1 என்ற புரதம் தீர்ந்துபோகப் போக அணு தானே மடிந்து, பொட்டலம் கட்டிக்கொண்டு, மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு அணு வந்து விழுங்குவதற்காகக் காத்திருக்கும். சத்தமில்லாத, அழுக்கில்லாத சாவு. எண்டோடாக்சின் வந்து தொட்டால் அந்தப் புரதம் தீர்வது தள்ளிப்போகிறது, சாவும் தள்ளிப்போகிறது. ஊதாக் கிருமியின் சுவரில் உள்ள லிப்போடெய்க்காயிக் அமிலத்துக்கும் இந்த வேலை தெரியும். இன்னும் ஒரு நுணுக்கம்: நியூட்ரோபிலை மட்டும் தனியாகச் சுத்தமாகப் பிரித்து வைத்து எண்டோடாக்சின் கொடுத்தால் அத்தனை நாள் தாக்குப்பிடிப்பதில்லை. பக்கத்தில் மோனோசைட் கொஞ்சம் இருந்தால்தான் ஆயுள் நன்றாக நீள்கிறது. சாகப்போகிறவனை அக்கம்பக்கத்தார் பேச்சுக்கொடுத்து உட்காரவைத்திருக்கிற மாதிரி.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. முழுக் கிருமியை விழுங்கிய நியூட்ரோபில் சீக்கிரம் செத்துவிடுகிறது. வேலை முடிந்தது, போய்ச் சேர்ந்தது. தோலை மட்டும் மோந்து பார்த்து, கொல்ல ஒன்றும் கிடைக்காத அணுதான் போகாமல் அலைகிறது. கையில் புரதத்தை அறுக்கும் நொதிகளும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் இருக்கும் அதே வகை அமிலத்தைத் தயாரிக்கும் சாமானும் வைத்துக்கொண்டு, நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் குழாய்ச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், சிறுநீரகம் தடுமாறினால் ஏறும் கிரியேட்டினின் அம்மாவுக்கு 2.4-க்கு ஏறியது, மூச்சு வாங்கியது. அப்போது எடுத்த கல்ச்சரில் ஒரு கிருமியும் வளரவில்லை. என் மேதாவித்தனத்தின்படி அன்று அவள் எழுந்து டீ போட்டிருக்க வேண்டும்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தாள். நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். தோல் கதையைச் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டினார். "சாயத்தண்ணி ஆறு மாசம் கழிச்சிக் கிணத்துல வரும். டேனரி அன்னைக்கே மூடிட்டிருப்பான்" என்றார். அவ்வளவுதான் அவர் கருத்து. அம்மாவுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை, கோழிக்குழம்பு எப்போது சாப்பிடலாம் என்பதுதான் கேள்வி. மூன்று வாரம் கழித்து எடுத்ததில் கவுன்ட் 8,200, மணல் மறுபடி இளஞ்சிவப்பு.

போன வாரம் காட்பாடிப் பக்கமிருந்து ஒரு பையன் அவன் அப்பாவின் ரிப்போர்ட் வாங்க வந்தான். டாக்சிக் கிரானியூல்ஸ் என்று நான் எழுதிய வரியில் விரலை வைத்து, "அப்படின்னா கிருமி இன்னும் உயிரோட கீதா சார்?" என்றான். பதில் சொல்ல வாய் எடுத்தேன். ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்வது டெக்னீஷியன் வேலை இல்லை என்று எங்கள் ஓனர் கவுன்டருக்குப் பின்னாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். "டாக்டர்கிட்ட காட்டுங்க தம்பி" என்றேன். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். "நேத்தே ஊசி போட்டாச்சு சார், ஆனா ராத்திரி பூரா நடுங்கிக்கினே இருந்தாரு" என்றான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.